அமுச்சியின் காலும் ஆக்சிஜன் அறையும்



பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளிக் காட்டில் பூப் பறிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெயில் ஏறுவதற்குள் மொட்டைப் பறித்துச் சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். மொட்டு விரிந்துவிட்டால் விலை இறங்கிவிடும். பறிக்கிறவர்களில் வயதான பெண்கள் நிறையப் பேர். ஈர வரப்பில் செருப்பு வழுக்கும் என்று கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். அந்தப் பக்கத்து வாசகி ஒருவர் எழுதிய கடிதம்தான் இந்த மாத ஆசிரியர் பக்கத்துக்குக் காரணம்.

அவருடைய அம்மாவுக்குப் பல வருடமாகச் சுகர். கால் கட்டைவிரலுக்குக் கீழே வந்த புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போகிறது. இதற்கிடையில் வெளியூரில் வேலை பார்க்கும் பேரன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு பெட்டி, அதற்குள் ஒரு பெரியவர் படுத்திருக்கிறார். "ஹைபர்பாரிக் ஆக்சிஜன் தெரபி! ஆறாத புண்ணும் ஆறும், வயதும் குறையும்" என்கிறது பின்னணிக் குரல். "அமுச்சிய இதுல படுக்க வெச்சுப் பாக்கலாம்மா, செலவப் பாக்காத" என்கிறானாம் பேரன். வாசகி நம்மிடம் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்: "புண் ஆறுமுங்களா? வயசு கொறையும்ங்கறது நெசமுங்களா? இதுக்காகக் காட்டப் போக்கியத்துக்கு விடலாமுங்களா?"

சுருக்கமாகப் பதில் சொல்வதென்றால், புண் சிலருக்கு ஆறும். வயது குறையும் என்பதற்கு நிரூபணம் இல்லை. காட்டின் மேல் கை வைக்காதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போதுதான் ஆக்சிஜன் நம் வீட்டுப் பேச்சானது. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, 98 வந்தால் பெருமூச்சு விட்டோம். 90-க்குக் கீழே போனால் படுக்கை தேடி ஓடினோம். அன்றிலிருந்து ஆக்சிஜன் என்றாலே தெம்பு, எவ்வளவு ஏற்றினாலும் நல்லது என்ற எண்ணம் பலருக்கு ஊன்றிவிட்டது. ஆனால் ஆக்சிமீட்டர் 98 காட்டினால், ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய முழுசாக நிரம்பிவிட்டது என்று கணக்கு. நிரம்பிய பிறகு சிலிண்டரைத் திறந்துவிட்டாலும் அது அதற்கு மேல் ஏற்றிக்கொள்ளாது.

அந்த இடத்தில்தான் அழுத்தம் வேலை செய்கிறது. ஒரு வாயுவை எவ்வளவு அழுத்துகிறோமோ அந்த அளவுக்கு அது திரவத்தில் கரையும் என்று வில்லியம் ஹென்றி என்ற ஆங்கிலேயர் 1803-இல் சொன்னார். ரத்தமும் திரவம்தானே? சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தில், ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு போகும் ஆக்சிஜன் சுமார் 20 மில்லி. அதில் சேராமல், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் தானாகவே கரைந்திருப்பது வெறும் 0.3 மில்லி. ஆளை மூடிய அறையில் வைத்து, வெளிக்காற்றைப்போல் மூன்று மடங்கு அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தால் அந்த 0.3, சுமார் 6 மில்லியாக உயரும். சும்மா படுத்திருக்கும் உடம்புக்கு அதுவே போதும். ஆம்ஸ்டர்டாமில் அறுவை மருத்துவர் இட்டே பூரமா, பன்றிகளின் ரத்தத்தை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டு, உப்புநீர் போன்ற திரவத்தை ஏற்றி, அழுத்த அறையில் வைத்து உயிரோடு காப்பாற்றிக் காட்டினார். 1960-இல் அவர் எழுதிய அந்தக் கட்டுரைதான் இந்த மருத்துவத்துக்கு மரியாதை வாங்கித் தந்தது.

அழுத்தம் என்றால் எவ்வளவு? தண்ணீர் நிறைந்த கிணற்றில் சுமார் 34 அடி ஆழத்துக்கு முங்கினால் உடம்பின் மேல் இருமடங்கு அழுத்தம் இறங்கும். புண்ணுக்கான சிகிச்சையில் பெரும்பாலும் கொடுப்பது இரண்டு முதல் இரண்டரை மடங்கு. ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம் வரை, வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 20 முதல் 40 தடவை. அறைக்குள் அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும். ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது அடைக்குமே, அதேதான். எச்சிலை விழுங்கினாலோ, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினாலோ சரியாகும்.

இந்த அறை நெடுங்காலம் பயன்பட்டது முதுமைக்காக அல்ல, ஆழத்தில் வேலை செய்தவர்களுக்காக. ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், கரைந்திருந்த நைட்ரஜன் ரத்தத்தில் குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் தங்கிவிடும். 1870-களில் நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அடித்தளம் போட்ட தொழிலாளர்கள் இப்படித்தான் முடங்கினார்கள். தூத்துக்குடியில் கம்ப்ரஸர் காற்றோடு சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. நம் நாட்டில் இந்தச் சிகிச்சையை வளர்த்ததில் கடற்படைக்குப் பெரும் பங்கு உண்டு. மும்பையில் இருக்கும் அதன் அஸ்வினி மருத்துவமனை இதற்குப் பேர்போனது. இப்போது பெருநகரங்களின் பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவற்றிலும் இந்த அறை வந்துவிட்டது.

வயதானவர்களுக்கு எதில் பயன்? மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது, நீளமானதல்ல. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வைத்து, வருடங்கள் கழித்துத் தாடை எலும்பு அரிப்பது, சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிவது போன்ற பாதிப்புகள். மருந்துக்கு அடங்காத எலும்புச் சீழ். சதை அழுகிப் பரவும் தொற்று. அடுப்புப் புகை, ஜெனரேட்டர் புகை மூட்டத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறி மயங்கியவர்கள். காரணம் தெரியாமல் ஒரே நாளில் காது கேட்காமல் போவது. இதற்கு ஸ்டீராய்டோடு சேர்த்து இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம். "வயசானா காது மந்தமாத்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடும் நாட்கள் திரும்பி வராது. பெரியவருக்கு நேற்று கேட்ட காது இன்று கேட்கவில்லை என்றால், அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

பட்டியலில் சுகர் புண்ணும் இருக்கிறது, ஆனால் நிபந்தனையோடு. புண்ணைச் சுற்றிலும் ரத்த ஓட்டம் குறைந்து, வீங்கி, ஆக்சிஜன் எட்டாமல் கிடக்கும். கிருமியைக் கொல்லும் வெள்ளை அணுவுக்கும், புது ரத்தக்குழாய் கிளைப்பதற்கும் ஆக்சிஜன் வேண்டும். அழுத்தத்தில் கரைந்த ஆக்சிஜன் அதுவரை போய்ச் சேர்ந்தால் புண் ஆறத் தொடங்கும் என்பது கணக்கு. சுவீடனில் 94 பேரிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. அறையில் உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் புண் ஆறியது. வெறும் காற்றைக் கொடுத்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு ஆறியது. ஆனால் 2018-இல் நெதர்லாந்து மருத்துவர்கள், ரத்தக்குழாய் அடைப்பும் சேர்ந்த 120 பேரிடம் பார்த்தபோது, காலைக் காப்பாற்றுவதில் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. 40 தடவை வந்து போக முடியாமல் பாதியில் விட்டவர்களும் அதில் நிறைய. எனவே 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டி இப்படித்தான் முடித்தது: முறையான சிகிச்சை எல்லாம் செய்தும் ஆறாத, ரத்த ஓட்டக் குறைவுள்ள புண்ணுக்கு, வசதி இருக்கும் இடத்தில், துணைச் சிகிச்சையாக யோசிக்கலாம். துணைக்கு வருவதை முதலாளி ஆக்கிவிடக் கூடாது.

இனி வயது குறைகிற கதை. 2020 நவம்பரில் இஸ்ரேலின் ஷமிர் மருத்துவ மையமும் டெல் அவிவ் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டன. 64 வயது தாண்டிய, நோய்நொடி இல்லாத 35 பேருக்கு 90 நாளில் 60 தடவை இந்தச் சிகிச்சை. குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர் என்ற பகுதி வயது ஏற ஏறத் தேய்ந்துகொண்டே போகும். அது 20 சதவீதத்துக்கு மேல் நீண்டது என்றார்கள். உலகமெங்கும் செய்தித்தாள்கள் ‘முதுமை திரும்பியது’ என்று தலைப்புப் போட்டன. அளந்தது ரத்தத்தில் இருக்கும் சில அணுக்களை மட்டும். சிகிச்சை பெறாத ஒரு கூட்டத்தை வைத்து அந்த அளவுகளை ஒப்பிடவில்லை. அந்த 35 பேரும் கூடுதலாக வாழ்ந்தார்களா, படி ஏறும்போது மூச்சு வாங்காமல் இருந்தார்களா என்று அந்த அளவு சொல்லாது. ஆராய்ச்சியாளர்கள் மேலும் ஆராயத் தகுந்த விஷயம்தான். அரளி விற்ற காசை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கான விஷயம் அல்ல.

ஆசையைக் காட்டி அறை கட்டுவது புதிதுமல்ல. 1928-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஆர்வல் கன்னிங்காம் என்ற டாக்டர், 64 அடி விட்டத்தில் ஒரு இரும்புக் கோளத்தையே பல மாடி ஆஸ்பத்திரியாக எழுப்பினார். உள்ளே அழுத்தக் காற்று. சுகர், புற்றுநோய் எல்லாம் தீரும் என்றார். ஆதாரம் காட்டுங்கள் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் கேட்டது; அவர் காட்டவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தக் கோளம் பழைய இரும்புக்குப் போனது. இரும்பைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. விலை போகாத சரக்கு கடைசியில் எங்கே போகும் என்று நமக்குத் தெரியும்.

இப்போது அழகு நிலையங்களிலும், வீட்டுக்கே வாங்கிக்கொள்ளலாம் என்றும், ஜிப் வைத்த பை மாதிரி ஒரு அறை விற்பனைக்கு வருகிறது. அதில் ஏறும் அழுத்தம் 1.3 மடங்கு அளவுதான். அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த அனுமதி மலையேறுகிறவர்களுக்கு வரும் உயரக் கோளாறுக்காக. புண்ணுக்கான சிகிச்சையும் அதுவும் ஒன்றல்ல.

பயப்பட வேண்டியதும் உண்டு. ஆக்சிஜன் நிறைந்த அறையில் ஒரு சின்னப் பொறி போதும். 1997 அக்டோபர் 31-இல் இத்தாலியின் மிலான் நகரில் இப்படி ஒரு அறை எரிந்து 11 பேர் இறந்தார்கள். நோயாளி ஒருவர் குளிருக்காக உள்ளே கொண்டுபோன கை சூடேற்றியால் வந்த வினை என்றார்கள். 2025 ஜனவரி 31-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் பலியானான். எனவே முறையான மருத்துவமனையில் உள்ளே அனுப்புவதற்கு முன் சோதனை கறாராக இருக்கும். நம் அமுச்சிமார்கள் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் கூடாது. எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்தால் எளிதில் தீ பிடிக்கும். நைலக்ஸ், பாலியஸ்டர் சேலையைக் கழற்றிவிட்டுப் பருத்தி உடை மாற்றச் சொல்வார்கள். இடுப்புச் சுருக்குப்பை, காதில் மாட்டிய மெஷின், போன், தாத்தாவின் பீடியும் லைட்டரும் எல்லாம் வெளியே. இதையெல்லாம் கேட்காமல் நேராகப் படுக்கச் சொல்கிற இடமென்றால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பெரியவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில. நெஞ்சில் காற்றுக் கட்டிய சரித்திரம், நாள்பட்ட நுரையீரல் நோய், இதயம் சரியாகப் பம்ப் செய்யாத கோளாறு, பேஸ்மேக்கர், வலிப்பு, கண்புரை. சுகர்காரர்களுக்கு அறைக்குள் சர்க்கரை இறங்கக்கூடும். வெறும் வயிற்றில் போகக் கூடாது, போவதற்கு முன்பும் வந்த பின்பும் சர்க்கரை பார்க்க வேண்டும். பல வாரச் சிகிச்சையில் தூரப் பார்வை மங்கலாம், பெரும்பாலும் பிறகு சரியாகும். இருக்கிற புரை சீக்கிரம் முற்றவும் கூடும். பீடி, சிகரெட்டை விடாதவருக்கு இவ்வளவு செலவும் பாதி வீண், ஏனென்றால் புகை ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும்.

சரி, அந்த வாசகியின் அம்மாவுக்கு என்ன வழி? இதற்குப் பதில் தேட நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், நமக்குத் தெற்கே கொல்லிமலை வரை போனால் போதும். 1914-இல் அந்த மலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயத் தம்பதிக்குப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். அப்பா ஜெஸ்ஸி 1929-இல் மலைக் காய்ச்சலில் இறந்தார். அம்மா ஈவ்லின், ஓய்வு வயது வந்த பிறகும் மலையை விடாமல், தொண்ணூறு தாண்டியும் மூங்கில் கோல்களை ஊன்றி ஊர் ஊராக நடந்தவர். 95 வயதில், 1974-இல் காலமானார். ‘கிரானி பிராண்ட்’ என்று பேர்.

மகன் 1946-இல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் கைகால் விரல் ஏன் போகிறது என்று தேடினார். நோய் சதையைத் தின்றுவிடுகிறது என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தார்கள். அவர் கண்டது வேறு: நரம்பு செத்ததால் வலி தெரியவில்லை, வலி தெரியாததால் கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணி குத்தியதும் தெரியாமல் நடக்கிறார்கள், புண்ணான காலையே மறுபடியும் அழுத்தி மிதிக்கிறார்கள். தூக்கத்தில் எலி விரலைக் கடிப்பதுகூடத் தெரியாமல் போனவர்கள் இருந்தார்கள். அதற்குப் பூனை வளர்க்கச் சொன்னார் அவர். புண்ணின் மேல் பாரம் விழாமல் இருந்தாலே அது தானாக ஆறுகிறது என்றும் கண்டார். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் அதற்காக மெத்தென்ற ரப்பர் வைத்துச் செருப்புச் செய்தார்கள். இன்று நம் மருந்துக் கடைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் வேர் அங்கேதான். 1966-இல் பிராண்ட் அமெரிக்காவுக்குப் போனார். லூசியானாவில் கார்வில் மருத்துவமனையில், தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்குப் போட்ட மாவுக்கட்டு முறையைச் சுகர்காரர்களின் புண்ணுக்கும் கொண்டுவர வழி திறந்தார். இரண்டு நோயிலும் மரத்துப்போன பாதத்தின் கதை ஒன்றுதான். கொல்லிமலையில் பிறந்த ஒருவர் கற்றுத் தந்த பாடத்தை உலகம் படித்துவிட்டது. மலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் நாம் இன்னும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த அம்மாவுக்கு முதலில் வேண்டியது இவைதான். காலுக்கு ரத்தம் போகிறதா என்று டாப்ளர் பரிசோதனை. பெரிய குழாயே அடைத்திருந்தால் அதைத் திறக்காமல் அழுத்த ஆக்சிஜன் கொடுத்துப் பயனில்லை, போகிற பாதையே இல்லையே. எலும்பில் சீழ் இருக்கிறதா என்று எக்ஸ்ரே. செத்த சதையைச் சுத்தமாக எடுத்துவிடுதல். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருதல். எல்லாவற்றுக்கும் மேல், புண்ணின் மேல் பாரம் விழாதபடி கட்டோ தனிச் செருப்போ. இவை சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையிலேயே தொடங்க வேண்டிய வேலைகள். சுகர் பாதத்துக்கென்றே தமிழக அரசு ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற திட்டத்தையும் வைத்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இதையெல்லாம் ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் புண் சுருங்கவில்லை என்றால், ரத்தக்குழாய் மருத்துவரும் சுகர் மருத்துவரும் சேர்ந்து சொன்னால், அப்போது அழுத்த அறையைப் பற்றிப் பேசலாம். அதுவரை காடு உங்களுடையதாகவே இருக்கட்டும் அம்மா.

சென்னை ஆய்வாளர்கள் தலைமையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது; நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சுகர் என்றது. அப்படியென்றால் நம் தெருவில் எத்தனை மரத்துப்போன பாதங்கள் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவருபவரிடம் காலையும் காட்டலாம். "மதமதன்னு இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது காசில்லாத வேலை. தினமும் ராத்திரி பாதத்தை, விரல் இடுக்கு உட்பட, பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்குக் கீழே ஒரு கண்ணாடி வைத்துப் பேரப்பிள்ளை பார்க்கட்டும். கழுவினால் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். ஆணிக்காலைப் பிளேடால் சீவக் கூடாது. மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும். புண்ணில் சுண்ணாம்பு, காப்பித்தூள், இலைச் சாறு எதுவும் வைக்காதீர்கள். காட்டுக்கு இறங்கினாலும் செருப்போடு இறங்குங்கள், அதை உதறிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

யாராவது உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் ஐந்து கேள்வி கேளுங்கள். எந்த நோய்க்காக? அது ஏற்றுக்கொள்ளப்பட்ட பட்டியலில் இருக்கிறதா? அழுத்தம் எத்தனை மடங்கு, ஆக்சிஜன் சுத்தமானதா? எத்தனை தடவைக்குப் பிறகு பலன் இல்லையென்றால் நிறுத்துவீர்கள்? உள்ளே இருக்கும்போது பக்கத்தில் இருக்கும் டாக்டர் யார்? ஐந்துக்கும் நேரான பதில் வந்தால் தைரியமாக யோசியுங்கள். "வயசு கொறையும்" என்று பேச்சு ஆரம்பித்தால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இந்தச் சிகிச்சையை உண்மையாகவே எடுத்துக்கொண்டவர்கள், பலன் கண்டவர்கள், காணாதவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். எந்தப் புண்ணுக்கு, எத்தனை தடவை, என்ன செலவு என்று எழுதினால், அடுத்து முடிவெடுக்கப் போகிற குடும்பத்துக்கு அது பெரிய உதவி. பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்